சேலைக்கு நம்பர் போட்ட வருஷம்

திருநகரில் என் தங்கை தேவகியின் வீடு. காலை பத்து மணி இருக்கும். பீரோவின் மேல்தட்டிலிருந்து அம்மாவின் கல்யாணச் சேலையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். பழைய வேட்டித் துணியில் சுற்றி, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பையைத் திறந்து வெள்ளைக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

தேவகி சேலையை நீட்டியபடியே நின்றாள். "என்னக்கா, ஆபரேசன் பண்ணப் போறியா?" என்றாள். சோபாவில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, கையுறைக் கையால் அம்மாவின் சேலையை வாங்கினேன். பல வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

போன வாரம் அருங்காட்சியகத்துக்காக நாங்கள் ஊர் ஊராகப் போய்ப் பொருள் வாங்கிய கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி இரண்டே வரியில் கடிதம் போட்டிருந்தார். "ஊருக்கெல்லாம் வாங்கினீர்களே அம்மா, உங்களுக்கென்று ஏதாவது வாங்கினீர்களா?" என்று. மகராசி, நல்லா இருக்கட்டும். நான்கு நாளாகத் தூக்கம் போயிற்று. பதில் எழுதாமல் விட்டால் இன்னும் நான்கு நாள் போகும். அதனால் இந்த வாரம் அந்தச் சேலை.

புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் செல்லூர்க்காரி. பனி பெய்யும் ஒரு வெளிநாட்டு ஊரில், ஆசியக் கலைப்பொருள்களுக்கென்றே இருக்கும் ஓர் அருங்காட்சியகத்தில் பழந்துணிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள். ஓய்வு பெற்று இப்போது மதுரைக்கே வந்துவிட்டேன். அந்த ஊரின் பெயரையும் அருங்காட்சியகத்தின் பெயரையும் எழுத மாட்டேன் என்று பத்திரிகை ஆசிரியரிடம் முதல் வாரமே சொல்லிவிட்டேன். அவர்கள் என்னை நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். என் புலம்பலுக்கு அவர்கள் பொறுப்பாக முடியாது.

தெருவுக்கே ஒரு சேலை

அம்மாவின் சேலை அரக்கு நிறப் பட்டு. பாக்கு அகலத்துக்குப் பச்சைக் கரை. அப்பா செல்லூரில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் மெக்கானிக். அவர் கல்யாணத்துக்கு முதலாளி மனசு வந்து வாங்கிக் கொடுத்தது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் துண்டும் வேட்டியும் ஓடும் தறியில் நின்றார்கள். பட்டு என்று ஒன்று இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

ஆகவே தெருவில் எந்தப் பெண்ணுக்கு விசேஷம் என்றாலும் அந்தச் சேலை போகும். பெண் பார்க்க வருகிறார்களா, போகும். முகூர்த்தமா, போகும். வளைகாப்பா, போகும். திரும்பி வரும்போது முந்தியில் ஒரு மஞ்சள் துண்டு முடிந்திருக்கும். வெறுஞ்சேலையாக யாரும் திருப்பித் தந்ததில்லை. எங்கேயாவது கிழிந்திருந்தால், தைத்துத்தான் தருவார்கள்.

அதைக் கேட்கிற விதம்தான் விசேஷம். "சேலையக் குடுங்கக்கா" என்று ஒருத்தி கேட்டு நான் கேட்டதில்லை. வாசலில் வந்து நிற்பார்கள். மழை, தண்ணீர் லாரி, ரேஷன் அரிசி என்று ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். பிறகு மெதுவாக, "யக்கா, பட்டு ஒரே மடிப்புல கெடந்தா இத்துப் போயிரும்லக்கா?" என்பார்கள். சேலைமேல் அம்புட்டு அக்கறை. அம்மா உள்ளே போய்ப் பெட்டியைத் திறப்பாள். என்றைக்கு வேண்டும் என்று மட்டும் கேட்பாள்.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அப்பாவுக்கு இன்னொரு காபி வேண்டுமென்றால், "பாலு மிஞ்சிருச்சா, கெட்டுப் போயிராது?" என்பார். எனக்கு வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்வது எங்களுக்கு ஏதோ அம்மணமாக நிற்கிற மாதிரி. நான் பன்னிரண்டு நாட்டுத் துணி பார்த்திருக்கிறேன், மூன்று மொழி பேசுவேன். இந்த ஒரு கூச்சம் மட்டும் போகவில்லை.

தெருவில் எத்தனை பெண்கள் அந்தச் சேலையைக் கட்டியிருப்பார்கள் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. தேவகி தன் முகூர்த்தத்துக்குக் கட்டினாள். கட்டாதவள் நான் ஒருத்திதான்.

என்னைப் பெண் பார்க்க வந்தது ஒரே ஒரு தடவை. அன்றைக்கென்று சேலை அடுத்த தெருவுக்கு வளைகாப்புக்குப் போயிருந்தது. அம்மா நூல் சேலை ஒன்றைக் கட்டிவிட்டு, கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கலாம்டி என்றாள். வந்தவர்களிடம் நான் மேலே படிக்கப் போகிறேன் என்று வாயை விட்டேன். டிபனைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். பிறகு படிப்பு, பிறகு வேலை, விசா, பிறகு வயசு. வருத்தமா என்று கேட்டால், கல்யாணம் ஆகாததற்கு வருத்தமில்லை. அந்தச் சேலை வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவே இல்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் தேவகியின் பீரோவைத் திறந்து மோந்து பார்ப்பேன். அந்துருண்டையும் மஞ்சளும் கலந்த ஒரு வாசம். அம்மா போன பிறகு அவள் வாசம் இருந்த ஒரே இடம் அதுதான்.

வாங்கியதும் வாங்க முடியாததும்

நான் சொல்லவந்த வருஷத்தில் எங்கள் துறைத் தலைவி மார்கரெட்டுக்கு ஒரு யோசனை வந்தது. ஆசியாவெங்கும் தைத்துத் தைத்து உடுத்திய துணிகளைச் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்றாள். புதுசு வேண்டாம், ஜரிகை வேண்டாம், ராஜா வீட்டுச் சாமான் வேண்டாம். கிழிந்து, ஒட்டுப்போட்டு, மறுபடி கிழிந்து, மறுபடி ஒட்டுப்போட்டது வேண்டும். எங்கள் தெருவில் பிறந்தவளிடம் இதைச் சொன்னால் சிரிப்பு வருமா வராதா?

ஜப்பானில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு பிட்சுவின் அங்கி கிடைத்தது. நீலத்துக்குள் நீலமாக ஒட்டுப்போட்டிருந்தார்கள். அதை வைத்திருந்த அம்மாள் கொடுப்பதற்கு முன்னால் அதன் முன் குனிந்து எழுந்தாள். வங்காளத்தில் கிழிந்த சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட போர்வை ஒன்று வாங்கினோம். அதில் மூலையில் யாரோ ஒரு தாய் ஒரு பூனையைத் தைத்திருந்தாள். பூனைக்கு மீசை ஒரு பக்கம்தான் இருந்தது. அதற்குள் பிள்ளை அழுதிருக்கும்.

இந்தோனேசியாவில் ஒரு தீவு. படகு, பிறகு ஜீப், பிறகு நடை. அங்கே ஒரு வீட்டில், கூரைக்கடியில் கூடையில் ஒரு துணி வைத்திருந்தார்கள். பல தலைமுறைக்கு முன்னால் நம் கரையிலிருந்து கப்பலில் போன அச்சுத்துணி. விரித்துக் காட்டினார்கள். மார்கரெட் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்காரர்கள் சிரித்த முகமாகவே தேநீர் கொடுத்தார்கள், சோளம் சுட்டுக் கொடுத்தார்கள், துணியை மட்டும் திரும்பக் கூடைக்குள் வைத்துவிட்டார்கள். திரும்பி நடக்கும்போது மார்கரெட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கோ உள்ளுக்குள் குதூகலம். பேஷ், கொடுக்காதீர்கள் என்று அவர்களுக்கு மனசுக்குள் கைதட்டிக்கொண்டே வந்தேன்.

அப்படிக் கைதட்டியவள்தான், அடுத்த மாதமே திருநகருக்கு வந்து என் சொந்தத் தங்கையிடம் அந்த வேலையைச் செய்தேன்.

மார்கரெட்டிடம் அம்மாவின் சேலையைப் பற்றிச் சொன்னது நான்தான். ஒரு மதிய உணவின்போது வாய் தவறி வந்தது என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குத் திட்டம் இருந்தது. சேலை அருங்காட்சியகத்துக்கு வந்தால் என் மேசையிலிருந்து நாற்பது அடி தூரத்தில் இருக்கும். இழுப்பறையைத் திறந்தால் அம்மா. கேட்காமலே கிடைத்துவிடும்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஐம்பத்தெட்டு வயசில், கல்யாணமாகாத ஒருத்தி, "கல்யாணச் சேலையை எனக்குக் கொடு" என்று எந்த முகத்தோடு கேட்பது? தேவகிக்கு நிவேதா என்று ஒரு மகள். நியாயமாக அது அந்தப் பிள்ளைக்குப் போக வேண்டியது.

திருநகரில் நான் சொன்னது

தேவகியிடம் பக்குவமாகத்தான் பேச்சைத் தொடங்கினேன். வெயில், வைகைத் தண்ணீர், பக்கத்து வீட்டு நாய். பிறகு, இந்த ஊர் வெக்கைக்குப் பட்டு தாங்காதுடி, பீரோவில் பூச்சி வேறு, ஒரே மடிப்பில் கிடந்தால் இத்துப் போய்விடும் என்றேன். எங்கள் அருங்காட்சியகத்தில் என்றால் நூறு வருஷம் ஆனாலும் ஒரு இழை போகாது, நானே பார்த்துக்கொள்வேன் என்றேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மியூசியத்துக்கா?" என்றாள்.

"ஆமா. மியூசியத்துக்குத்தான்."

"சரிக்கா. கொண்டு போ."

அவ்வளவுதான். மறு பேச்சில்லை. உள்ளே போய் எடுத்து வந்தாள். நான் கையுறை மாட்டியது அப்போதுதான்.

கையெழுத்துப் போட வேண்டிய தாள் இரண்டு பக்கம். நன்கொடைப் பத்திரம். வரி வரியாகத் தமிழில் சொன்னேன்: முழு மனதோடு தருகிறேன், திரும்பக் கேட்க மாட்டேன், நானோ என் வாரிசுகளோ உரிமை கொண்டாட மாட்டோம். வேலையில் நான் சுத்தம், ஒரு வரி விடவில்லை. தேவகிக்கு அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. ஏர்போர்ட்டில் கேட்பார்களா என்றாள். எல்லா இடத்திலும் கேட்பார்கள் என்றேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நூறு வயசு தாண்டிய சாமானைத்தான் நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது. அம்மாவின் சேலைக்கு அந்த வயசு இல்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை.

குளிர்பெட்டி

புதிதாக ஒரு துணி வந்தால் முதல் வேலை, பூச்சி இருந்தால் சாகட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு உறைகுளிர்ப் பெட்டியில் சில நாள் வைப்பது. எத்தனையோ துணியை வைத்திருக்கிறேன். அம்மாவின் சேலையை வைத்துக் கதவை மூடியபோதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா இறந்தபோது எனக்கு டிக்கெட் கிடைக்க ஒரு நாள் ஆகிவிட்டது. செல்லூர்த் தெருவில் பந்தலுக்குக் கீழே ஃப்ரீசர் பாக்ஸில் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு மேலே கையை வைத்தேன், அம்மாமேல் வைக்க முடியவில்லை. என் பொருட்டுத்தான் அம்புட்டு நேரம் அந்தக் குளிரில் அவளைப் போட்டு வைத்திருந்தார்கள். இப்போது மறுபடி நானே என் கையால் வைக்கிறேன். அலுவலகக் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பிறகு சேலையின் நிலை அறிக்கை எழுத வேண்டும். எங்கே கறை, எங்கே கிழிசல், எங்கே தையல். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். முந்தியில் மஞ்சள் கறை, பல இடம். கரையில் கறுப்பு நூலில் முரட்டுத் தையல் ஒன்று: அது எதிர்வீட்டுப் புஷ்பம் அக்கா, பந்தக்காலில் மாட்டிக் கிழித்துவிட்டு அழுதுகொண்டே தைத்துக் கொண்டுவந்தது. கொசுவத்தில் இழைக்கு இழை வாங்கித் தைத்த ஒரு சீரான ஒட்டு: அது எங்கள் தெருமுனைத் தையல்கடை பாத்திமா அக்கா, பள்ளிவாசல் தெருவிலிருந்து கல்யாணமாகி வந்தவர், காசு வாங்க மாட்டார். நடுவில் சிவப்பு நூலில் ஐந்து தையல், கோணலாக: அது அம்மா. அவளுக்குத் தைக்கவே வராது.

அறிக்கையில் இதையெல்லாம் எழுத இடமில்லை. "பழுதுபார்ப்பு, குறைந்தது மூவர் கை" என்று எழுதினேன். மார்கரெட் படித்துவிட்டு, மூவர் என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று ஆச்சரியப்பட்டாள்.

அன்று மாலை எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வெள்ளை மேசைமேல் சேலை முழு நீளத்துக்கு விரிந்து கிடந்தது. கதவை உள்ளே தாழிட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தோளில் போட்டுப் பார்த்தால் யாருக்குத் தெரியும்? முந்தியைக் கையில் எடுத்தும்விட்டேன். அருங்காட்சியகத் துணியை உடம்பில் போட்டுப் பார்ப்பது எங்கள் வேலையில் கொலைக்குச் சமானம். புதிதாக வந்தவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். மடித்து வைத்துவிட்டேன்.

மறுநாள் ஒரு சின்ன நாடாவில் எண் எழுதி, ஓரத்தில் இரண்டு தையல் போட்டு இணைத்தேன். அந்த நிமிஷத்திலிருந்து அது அம்மாவுடையது இல்லை, தேவகியுடையது இல்லை, என்னுடையதும் இல்லை. சேமிப்பறைக்குப் போனது. நாற்பது அடி என்று கணக்குப் போட்டேனே, அந்தச் சேமிப்பறையை அந்த வருஷமே ஊருக்கு வெளியே வேறு கட்டிடத்துக்கு மாற்றினார்கள். பார்க்க வேண்டுமென்றால் காரணம் எழுதி நேரம் வாங்க வேண்டும். என்ன காரணம் எழுதுவேன்? கண்காட்சியும் இதோ அதோ என்று தள்ளிக்கொண்டே போயிற்று. வருஷ அறிக்கையில் மட்டும் ஒரு வரி வந்தது: பட்டுச் சேலை, மதுரை, ஒரு குடும்பத்தின் நன்கொடை.

மண்டபத்தில் ஈரப்பதம் எவ்வளவு?

நிவேதாவுக்கு இடம் அமைந்தது. மாப்பிள்ளை வீடு அலங்காநல்லூர். கரும்பு போட்டிருக்கிறார்கள், பையன் மதுரையில் வங்கி வேலை.

தேவகி போனில் பேசும்போது, சேலையைக் காற்றாட வைக்கிறாயா என்று கேட்டாள். அடுத்த வாரம், மடிப்பை மாற்றிப் போட்டாயா என்றாள். எனக்குப் புரியாமல் இருக்குமா? புரியாத மாதிரி இருந்தேன். மூன்றாவது வாரம் தேவகி, எங்கள் வீட்டிலேயே முதல் தடவையாக, வாய்விட்டுக் கேட்டாள்.

"அக்கா, மாலை மாத்துற நேரத்துக்கு மட்டும். ஒரு மணி நேரம். எம் பொண்ணு அம்மா சேலையக் கட்டிட்டுக் கழட்டித் தந்துரட்டும்க்கா."

ஒரு பெண்ணுக்கும் இல்லையென்று சொல்லாத சேலை அது. அம்மா இருந்திருந்தால் என்றைக்கு என்று மட்டும் கேட்டிருப்பாள். நான் இரவல் விண்ணப்பப் படிவத்தை எடுத்து நிரப்பினேன். பொருள் வைக்கப்படும் இடம்: திருமண மண்டபம். வெப்பநிலைக் கட்டுப்பாடு. ஈரப்பதம். கண்ணாடிப் பேழை. இரவுக் காவல். படிவம் கேட்டுக்கொண்டே போயிற்று. சாம்பார் அண்டாவும் ஹோமப் புகையும் எண்ணூறு பேரும் இருக்கிற மண்டபத்தில் ஈரப்பதம் எவ்வளவு என்று எழுதட்டும்? உண்மையையே எழுதினேன்.

மார்கரெட் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். நல்லவள், அவள் கண்ணும் கலங்கியிருந்தது. இன்னோர் அருங்காட்சியகத்துக்குத்தான் இரவல் தரலாம், வீட்டுக்குக் கிடையாது, அந்த விதியை எழுதிய குழுவில் நீயும் இருந்தாய் என்றாள். இருந்தேன்தான்.

தேவகியிடம் சொன்னேன். விதி, படிவம், ஈரப்பதம் எல்லாம் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி" என்றாள். "சரிக்கா" இல்லை. வெறும் சரி. அதற்குப் பிறகு நாலைந்து மாதம் அவளாகப் போன் செய்யவில்லை. நான் செய்தால் அவள் வீட்டுக்காரர் எடுத்து, நல்லா இருக்கோம் என்றார்.

வாங்க, சாப்டீங்களா?

கல்யாணம் அலங்காநல்லூர்ச் சாலையில் ஒரு மண்டபத்தில். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற தேவகி என்னைப் பார்த்ததும், "வாங்க. பிரயாணமெல்லாம் சவுகரியமா? சாப்டீங்களா?" என்றாள். என்னிடம். நடக்கப் பழகியதே என் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான், என்னை நீ என்றும் வாக்கா என்றும் கூப்பிட்டவள். சம்பந்தி வீட்டு அம்மாளுக்கும் எனக்கும் ஒரே மரியாதை. பந்தியில் ஆள் விட்டு உபசரித்தாள். என் இலையில் எல்லாம் இருந்தது, ஒன்றும் இறங்கவில்லை.

நிவேதா மேடைக்குப் புதுப் பட்டுக் கட்டி வந்தாள். அரக்கு நிறம், பச்சைக் கரை. கடை கடையாக ஏறி அதே மாதிரி தேடி எடுத்திருக்கிறார்கள். நான் தூணோரமாக உட்கார்ந்து அட்சதையைக் கைக்குள் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தேன். பெரியம்மா என்று அந்தப் பிள்ளை வந்து காலில் விழுந்தபோது, என்ன சொல்லி வாழ்த்தினேன் என்று எனக்கே நினைவில்லை.

மறுநாள் மத்தியானம் வீடு காலியாகிவிட்டது. மணமக்கள் மறுவீட்டுக்குப் போயிருந்தார்கள், தேவகி வீட்டுக்காரர் மண்டபத்துப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார். தேவகி கட்டில்மேல் உட்கார்ந்து, மொய்யாக வந்த சேலைகளை யார் யார் கொடுத்தது என்று பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் எனக்கு விமானம். இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தங்கை இல்லை என்று பட்டது.

கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன். சொன்னேன். மியூசியம் கேட்கவில்லை, நான்தான் பேச்சை எடுத்தேன், எனக்கு ஆசையாக இருந்தது, அம்மா சேலை என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருந்தது, கேட்க வெட்கமாக இருந்தது, அதனால் மியூசியத்தின் பேரைச் சொல்லிக் கேட்டேன் என்றேன்.

தேவகி கையிலிருந்த சேலையை மடித்து முடித்தாள்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "பூச்சி அரிச்சிரும், இத்துப் போயிரும்னு வந்து நின்ன. நம்ம தெருவுல அப்படி வந்து நின்னா அம்மா என்ன செய்யும்? அதத்தான் செஞ்சேன். உனக்குன்னுதான் குடுத்தேன். மியூசியம்னு நீ கூச்சப்பட்டுச் சொல்றன்னு விட்டுட்டேன்."

"அந்தப் பத்திரம்…"

"அது ஏர்போர்ட்டுக்குன்னு நெனச்சேன். நீதான எல்லா எடத்துலயும் கேப்பாங்கன்ன. சேல உன் பீரோவுலதான இருக்கு? எம் பொண்ணுக்கு ஒரு மணி நேரம் தர மனசில்லாம விதி அது இதுன்னு சொல்றன்னுதான் எனக்குக் கோவம்."

நான் இல்லை என்றேன். என் பீரோவில் இல்லை. என் வீட்டுக்கு அது ஒரு நாள்கூட வரவில்லை. விமானத்திலிருந்து நேராக அங்கேதான் போனது. நம்பர் போட்டு, பெட்டியில் வைத்து, ஊருக்கு வெளியே ஒரு கட்டிடத்தில் இருக்கிறது. நான் பார்த்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றேன்.

தேவகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று வாசலில் பார்த்த பார்வை இல்லை அது. மடியிலிருந்த சேலைகளைத் தள்ளிவிட்டுக் கட்டிலில் என் பக்கமாக நகர்ந்து வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தெருவே கட்டுச்சு, நானும் கட்டுனேன், நீ மட்டும் கட்டலயேன்னு எனக்கு எப்பவும் மனசுல இருக்கும்க்கா. அங்கன கொண்டு போயி, கதவப் பூட்டிக்கிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு கட்டியிருப்பன்னு நெனச்சுக்குவேன். எத்தனையோ நாளு நெனச்சிருக்கேன். உன் மேல கோவமா இருந்தப்பக்கூட, சரி, அக்கா கட்டிப் பாத்துச்சுல்ல, போகட்டும்னு விட்டுருவேன்."

என் கையைப் பிடித்தாள். கல்யாண வீட்டு மஞ்சள் அவள் கையெல்லாம் இருந்தது.

"ஒரு தடவகூடக் கட்டலயாக்கா?" என்றாள்.